உடனமர்வு வரம்பு: எண்ணுவது நுழைவையா, இருப்பையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான்கு நாளாக நம் மென்பொருள் தமிழாக்கக் குழுவின் மடல்களில் இந்த இழை ஓடுவதைக் காரைக்குடியிலிருந்து சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சேவையகத்துக்குள் (சர்வர்) ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர், அந்த எண்ணைக் கூட்டுவதற்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ‘உடனிகழ் பயனர் உள்நுழைவு உச்சவரம்பு’, ‘ஒரேநேரப் புகுபதிகை எல்லை’, ‘சமகாலப் பயனர் அளவு’.

மூன்றாவதை இப்போதே விட்டுவிடலாம். சமகாலம் என்றதும் கம்பரும் ஒட்டக்கூத்தரும் ஒரே காலத்தவர்களா என்ற வழக்குதான் எங்கள் ஊர்க்காரனுக்கு நினைவு வரும். முதல் சொல்லை அவ்வளவு சுலபமாக என்னால் விட முடியவில்லை. அது நான் போட்ட சொல். போட்டு, வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். இடைமுகம் முழுக்கத் தமிழ். எடைமேடை, கிட்டங்கி, அலுவலகம், டவுனில் இருக்கும் கடை எல்லாம் ஒரே சேவையகத்தில் வந்து சேரும். ஒரே சமயத்தில் 12 பேர் என்று வரம்பு வைத்திருந்தோம். மாசி மாதம், அறுவடை நெல் வந்து குவிகிற நேரம். எடைமேடை மேல் லாரி நிற்கிறது, பின்னால் இன்னும் நான்கு. கணக்கப்பிள்ளை கடவுச்சொல்லைத் தட்டுகிறார். திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் என் கைவண்ணம்: ‘உடனிகழ் பயனர் உள்நுழைவு உச்சவரம்பு மீறப்பட்டுள்ளது.’

எழுபதை நெருங்கும் மனிதர். போனில் அவர் குரல் நடுங்கியது. “தம்பி, நான் எதையும் மீறலையே. காலையில வந்து உட்கார்ந்தவன், இன்னும் காபி குடிக்கக்கூட எந்திரிக்கலை.” பிறகு கொஞ்சம் ஆசுவாசமாகி, “உச்சவரம்புன்னா எங்க காலத்துல நிலம் போகும். இப்ப என்ன போகும்?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் உச்சவரம்பு என்ற சொல் 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தோடு ஊர் ஊராகப் போன சொல். முதலில் 30 தர ஏக்கர், 1970-இல் அதை 15 ஆக்கினார்கள். அரசாங்கம் கோடு போடும், தாண்டினால் பிடுங்கும் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு ஜனங்கள் மனதில் இருக்கும் பொருள். கூடவே ‘மீறப்பட்டுள்ளது’ என்று வேறு எழுதி வைத்தேன். பதின்மூன்றாவதாக வந்த மனிதர் செய்த குற்றம், பதின்மூன்றாவதாக வந்தது மட்டும்தான்.

சரி, இது சொல்லின் தொனி பற்றிய சங்கடம். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அது முதல் இரண்டு சொற்களுக்கும் பொது. இரண்டுமே ‘நுழைவு’, ‘புகுதல்’ என்று வாசலில் நடப்பதைச் சொல்கின்றன. நாம் எண்ணுவது அதை அல்ல.

கல்யாண வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், உள்கட்டில் பந்தி நடக்கும். ஒரு பந்திக்கு 60 இலை என்றால், அந்த வீட்டில் அன்றைக்கு 60 பேர்தான் சாப்பிடலாம் என்று பொருளில்லை. பத்துப் பந்தி போட்டால் 600 பேர். 60 பேரும் ஒரே நொடியில் நிலைப்படியைத் தாண்ட வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் முதலில் வந்து உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் ரசம் வரும்போது ஓடி வருவார். எந்தக் கணத்தில் பார்த்தாலும் எத்தனை இலைக்கு முன்னால் ஆள் இருக்கிறார் என்பதுதான் கணக்கு. ‘ஒரேநேரப் புகுபதிகை’ என்று படிக்கும் புதியவர், எல்லாரும் சேர்ந்து கதவைத் தள்ளுவதைத்தான் கற்பனை செய்வார்.

அப்படிக் கதவைத் தள்ளுவதற்கும் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ்’ என்று ஒரு வரி உண்டு. நாம் எதையும் மாற்றாவிட்டால் இருக்கும் இயல்பு மதிப்பு 10:30:100. இன்னும் கடவுச்சொல் சொல்லி முடிக்காமல் வாசலில் நிற்கும் இணைப்புகள் 10 ஆனதும், புதிதாக வருவதில் நூற்றுக்கு 30 என்ற வாய்ப்பில் திருப்பி அனுப்பத் தொடங்கும். கூட்டம் ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறி, 100-ஐத் தொட்டதும் அத்தனையையும் திருப்பிவிடும். நுழைவைப் பற்றிய வரம்பு என்றால் இதுதான். இதை ‘வாசல் வரம்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே. லினக்ஸ் இயங்குதளத்தில் ‘மேக்ஸ்லாகின்ஸ்’ என்பது வேறு. ஒரு பயனர் பெயரில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பது அது. ‘மேக்ஸ்சிஸ்லாகின்ஸ்’ என்பது கணினி முழுவதற்குமான மொத்தம். இவை எல்லாவற்றையும் ‘உள்நுழைவு வரம்பு’ என்று ஒரே பெயரில் மொழிபெயர்த்து வைத்த கையேட்டைப் பார்த்து, ஒருவர் ஒன்றைக் கூட்டப் போய் இன்னொன்றைக் கூட்டிவிட்டு, ‘எண்ணை மாற்றியும் அப்படியே இருக்கிறது’ என்று மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார். உடைத்துக்கொண்ட மண்டைகளில் என்னுடையதும் ஒன்று.

எனவே என் முன்மொழிவு: உடனமர்வு வரம்பு.

‘அமர்வு’ நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட சொல். உள்ளே போனது முதல் வெளியே வருவது வரை உள்ள அந்த இருப்புக்குத்தான் அமர்வு என்கிறோம். ‘உடன்’ சேர்த்தால் சேர்ந்தாற்போல் நடக்கும் அமர்வுகள். ‘உடன்’ என்றால் உடனடி என்று படித்துவிட மாட்டார்களா என்று மதுரை நண்பர் கேட்பார், தெரியும். உடன்பிறந்தார் என்றால் உடனடியாகப் பிறந்தவர் என்று யாரும் படிப்பதில்லை. உடன்போக்கு, உடன்படிக்கை எல்லாம் அதே தடத்தில் வந்தவை. உடன்கட்டையும் அந்தக் குடும்பம்தான் என்று யாராவது நினைவூட்டுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

‘கூட்டமர்வு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூடிப் பேசி ஒரு முடிவெடுப்பவர்களின் அமர்வு போல இருக்கிறது. எடைமேடையில் இருப்பவருக்கும் கடையில் பில் போடுபவருக்கும் அப்படி ஒரு உறவும் இல்லை. பக்கத்து இலைக்காரர் யார் என்றே தெரியாமல் சாப்பிட்டு எழுந்து போவது போலத்தான்.

அடுத்து, எண்ணும் அலகு. எதை ஒன்று என்று எண்ணுவது? ஆலை முதலாளிக்குப் பயனர் கணக்கு ஒன்று. ஆனால் மேசைக் கணினியில் ஒரு அமர்வு, போனில் ஒன்று, வீட்டில் மடிக்கணினியில் ஒன்று. ஆள் ஒருவர், அமர்வு மூன்று. எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. நகரத்தார் கோயில் கணக்கில் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் காலமானால் அரைப்புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவர்களோ அங்கே பதிவாகும். வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வசூல். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் எத்தனை புள்ளி என்பதே கேள்வி. எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்துவைத்த ஏற்பாடு அது.

‘புள்ளி’யையே எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் ஆசையாக யோசித்தேன். முடியாது. தசமப் புள்ளி, தரவுப் புள்ளி, புள்ளிவிவரம், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. ‘புள்ளி வரம்பு 25’ என்று திரையில் வந்தால் கணக்கப்பிள்ளை தசமத்தைப் பார்ப்பார். மனசில்லாமல் விட்டேன். அதனால் ஒரே பயனருக்கு உரியதை ‘ஆள்வாரி உடனமர்வு வரம்பு’ என்றும், கணினி முழுமைக்கும் உரியதை ‘மொத்த உடனமர்வு வரம்பு’ என்றும் வைக்கலாம். அழகில்லைதான். குழப்பம் இல்லை.

‘கொள்ளளவு’ போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொள்ளளவு கண்மாய்க்கு, அண்டாவுக்கு. அது பொருளோடு பிறந்தது. வரம்பு நாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் எண். இரண்டும் ஒன்றென்று நினைத்து நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

அந்த மாசி மாதத்து போன் வந்ததும், மறுநாள் வரம்பை 12-இலிருந்து 40 ஆக்கினேன். ஒரு வரி மாற்றம், இரண்டு நிமிட வேலை. இதையா இத்தனை நாள் செய்யவில்லை என்று எனக்கே பெருமை. பதினோரு மணிக்கு மேல் எல்லாரும் உள்ளே வந்தார்கள், யாருக்கும் எதுவும் நகரவில்லை. எங்கள் நிரல் அமர்வுக்கு ஒன்றாகத் தரவுத்தளத்தில் இணைப்பு திறக்கும். அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அது ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு செயலாக்கத்தைத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் நினைவகம் வேண்டும். ஆலையில் இருந்ததோ பழைய சின்னக் கணினி. உள்கட்டில் இலையை மட்டும் அதிகமாகப் போட்டுவிட்டு, அடுப்பையும் பரிமாறுகிற ஆளையும் கூட்டாமல் விட்ட கதை. எல்லா இலையிலும் உப்பு இருக்கிறது, எந்த இலையிலும் சோறு இல்லை.

இறக்கி 18-இல் நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்: உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் உண்மையில் அங்கே இல்லவே இல்லை. மடிக்கணினி மூடியைச் சாத்திவிட்டுப் போனவர், போனைப் பையில் போட்டவர், முந்தைய நாள் வந்துபோன ஆடிட்டரின் உதவியாளர். சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்துவிட்டு எழுந்தால்தான் அந்த இடம் காலி என்று தெரியும். இவர்கள் மடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்கள். பரிமாறுபவர் இன்னும் அந்த இலைக்கு மோர் கொண்டுவந்துகொண்டிருக்கிறார். இருபது நிமிடம் அசைவில்லை என்றால் தானே முடித்துவிடும்படி வைத்தேன். 12-ஏ போதும் போல இருந்தது.

அந்த ஆளில்லாத அமர்வுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘செயலற்ற அமர்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள், பழுதானது போல ஒலிக்கிறது. ‘கிடப்பமர்வு’ எப்படி? கோப்பைக் கிடப்பில் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. முடியவும் இல்லை, நடக்கவும் இல்லை.

இன்னொன்று, நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கும் இடம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் இயல்பாக 151 இணைப்பு தரும், அதற்கு மேல் நிர்வாகிக்கு மட்டும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் தன் இயல்பான 100-க்குள்ளேயே மூன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லா இடமும் நிறைந்து கதவு அடைபட்டாலும் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வழி இருக்கவேண்டும் அல்லவா. ‘ஒதுக்கிடம்’ போதும், இதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

கடைசியாக, வினை. ‘வரம்பை உயர்த்து’ என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறோம். எனக்கு ‘கூட்டு’ பிடிக்கிறது. சம்பளத்தைக் கூட்டுகிறோம், வாடகையைக் கூட்டுகிறார்கள். எண்ணுக்குக் கூட்டுவதுதான் இயல்பு, கொடிக்கும் குரலுக்கும் உயர்த்துவது. ஆனால் பொத்தானில் வெறும் ‘கூட்டு’ என்று மட்டும் போட்டால் பொரியலுக்குப் பக்கத்தில் வைப்பது என்று யாராவது கேலி செய்வார்கள். ‘வரம்பைக் கூட்டு’, ‘வரம்பைக் குறை’ என்று முழுசாகப் போட்டுவிடலாம்.

இந்தச் சொற்கள் எல்லாம் கையேட்டுக்கும் நிர்வாகியின் திரைக்கும்தான். சாதாரணப் பயனர் திரையில் இதில் எதுவுமே வரவேண்டாம் என்பது என் கட்சி. போன வாரம் கணக்கப்பிள்ளையிடமே கேட்டேன்: “உள்ளே ஆள் நிறைஞ்சிருக்குன்னா என்ன சொன்னாப் புரியும்?” அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “இடம் இல்லைன்னு சொல்லேன், வேறென்ன” என்றார். ஆகவே அந்தச் சரத்துக்கு, அதாவது திரையில் வரும் அந்த வாசகத்துக்கு, என் வரைவு:

‘இப்போது இடம் இல்லை. யாராவது வெளியேறியதும் நீங்கள் உள்ளே வரலாம்.’

சிவப்புக் கட்டத்தையும் எடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்தச் சரத்தையும் ‘உடனமர்வு வரம்பு’ வரும் ஏழு இடங்களையும் என் பிரதியில் மாற்றி வைத்திருக்கிறேன். ‘கிடப்பமர்வு’ வரவேண்டிய இரண்டு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இலங்கை நண்பர்கள் பக்கம் ‘கிடப்பு’ இதே பொருளில் புழங்குகிறதா என்று யாராவது சொன்னால் அதையும் நிரப்பிவிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து