மஞ்சள் காய்ச்சல் பரிசோதனைகள்: நினைவுப் பலகையில் யார் யார் பெயரைப் போடுவது?

தாள்கட்டு (கேள்வி; கீழே பதில் சொல்பவர்கள் மூலப்பிரதி, கொசுவலை, அச்சுமை என்ற புனைபெயர்க்காரர்கள்)

மஞ்சள் காய்ச்சல் பரிசோதனைகளைப் பற்றி எட்டுத் தட்டிகளில் ஒரு சிறு காட்சி தயாராகிறது. மையம் 1900–1901 கியூபா: வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு, இந்த நோய் கொசுவால் பரவுகிறதா என்று மனிதர்கள்மேல் சோதித்த இடம். கடைசித் தட்டி நினைவுப் பலகை. பரிசோதனைக்கு உடலைக் கொடுத்த எல்லோருடைய பெயரும் அதில் வர வேண்டும். இணையத்தில் அகப்படும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் இருபது சொச்சம் பெயர், பெரும்பாலும் அமெரிக்கச் சிப்பாய்கள். இன்னொன்றில் சில ஸ்பானியப் பெயர்கள் கூடுதல். செவிலியர் கிளாரா மாஸ் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. எதை நம்புவது? மூல ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? எந்தப் படங்களைத் தவிர்க்க வேண்டும்?

மூலப்பிரதி

தயாராக இருக்கும் எந்தப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனைக் கணக்கிலிருந்து பட்டியலை நீங்களே கட்டுங்கள்.

நீங்கள் பார்த்த இருபது சொச்சம் பெயர் 1929 பிப்ரவரி 28 அன்று அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்து வந்திருக்கும். தங்கப் பதக்கமும் ஓய்வூதியமும் தருவதற்கான கௌரவப் பட்டியல் அது. பணம் வாங்கிக்கொண்டு கொசுவுக்குக் கையை நீட்டிய ஸ்பானியக் குடியேறிகளில் ஒருவர்கூட அதில் இல்லை. அதை அப்படியே பலகையில் ஏற்றினால் 1929இல் விடுபட்டவர்கள் உங்கள் கையாலும் விடுபடுவார்கள்.

ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரிசை போடுங்கள். தேதி, ஆளின் பெயர் (ஆவணத்தில் உள்ள எழுத்திலேயே), நோய் புகுத்திய வழி, கொசு எந்த நோயாளியின் இரத்தத்தைக் குடித்தது, அந்த நோயாளிக்கு அது காய்ச்சலின் எத்தனையாவது நாள், அதிலிருந்து இந்தக் கடிவரை எத்தனை நாள், நோய் கண்ட தேதி, முடிவு, ஆதாரம். உதாரணத்துக்கு ரீட் குழுவின் மருத்துவர் ஜேம்ஸ் கரோல்: 1900 ஆகஸ்ட் 27 அன்று கடி. கொசு 12 நாள் முன்பு, நோயின் இரண்டாம் நாளில் இருந்த ஒருவரைக் கடித்தது. கடுமையாகப் படுத்துப் பிழைத்தார்.

"வழி" என்ற பத்தி அவசியம். எல்லோரும் கொசுவால் நோயுற்றவர்கள் இல்லை, 1901 ஜனவரியில் சிலருக்கு நோயாளியின் இரத்தத்தையே ஊசியால் ஏற்றினார்கள். வாரன் ஜெர்னகன் இரண்டு இடத்தில் வருவார்: முதலில் நோயாளிகளின் அழுக்குத் துணி வைத்த அறையில், பிறகு இரத்த ஊசியில். வரிசைகளைக் கூட்டி "இத்தனை பேர்" என்று எழுதினால் அவரை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

நான்கு தொடர்களைக் கலக்காமல் பிரித்து வையுங்கள். முதலாவது, கேம்ப் கொலம்பியாவில் 1900 ஆகஸ்ட்–செப்டம்பர்: கரோல், சிப்பாய் வில்லியம் டீன், ரீட் குழுவின் இன்னொரு மருத்துவர் ஜெசி லசியர். இரண்டாவது, 1900 நவம்பர் 20 அன்று தொடங்கிய கேம்ப் லசியர். இங்கே யாரும் சாகவில்லை. மூன்றாவது, 1901இல் ஹவானாவின் லாஸ் அனிமாஸ் மருத்துவமனையில் கியூப மருத்துவர் ஹுவான் கிதேராஸ் நடத்தியது. நான்காவது, அதே ஆண்டு பிற்பகுதியில் கரோல் திரும்பிவந்து வடிகட்டிய இரத்தநீரை ஏற்றிக் காட்டியது. கிருமி வடிகட்டியைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்தது அப்போதுதான்.

மூலங்களுக்கு முதல் இடம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிளாட் மூர் மருத்துவ நூலகத்தில் உள்ள பிலிப் ஹெஞ்ச் – வால்டர் ரீட் மஞ்சள் காய்ச்சல் தொகுப்பு. கடிதங்கள், ஒப்பந்தங்கள், புகைப்படங்கள் என நிறைய ஸ்கேன் வடிவில் இணையத்தில் இருக்கின்றன. ராணுவக் கோப்புகளுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 112ஆம் பதிவுக் குழு. கியூபா தரப்புக்கு ஹவானாவில் கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே பெயரில் உள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம்.

தேடும்போது இரண்டு சிக்கல் வரும். பழைய அறிக்கைகளில் இந்தக் கொசுவின் இன்றைய அறிவியல் பெயரான "ஏடிஸ் எஜிப்டி" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அப்போதைய பெயர் கியூலெக்ஸ் ஃபாசியாட்டஸ், பிறகு ஸ்டெகோமியா ஃபாசியாட்டா. ஸ்பானியப் பெயர்களும் ஆளுக்கு ஒரு எழுத்தில் இருக்கும். அன்டோனியோ பெனிக்னோ "பெனினோ" என்றும் வருவார், விசென்தே "பெசென்தே" ஆகிவிடுவார். தேதியையும் நோய் கண்ட நாளையும் வைத்துத்தான் ஒரே ஆளா என்று முடிவு கட்ட வேண்டும்.

இன்னொன்று. ஹெஞ்ச் தொகுப்பில் 1930கள், 40களில் எழுதிய நினைவுக் கடிதங்களும் கிடக்கின்றன. வீர வசனங்கள் பெரும்பாலும் அந்த வகைத் தாள்களில்தான் இருக்கும். 1900–01 காலத்துக் கடிதத்தில் இல்லாத வசனத்தை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

கொசுவலை

பரிசோதனையை விளக்கும் தட்டிக்குக் கேம்ப் லசியரின் இரண்டு கட்டடங்களின் தரைப்படத்தைப் பக்கம் பக்கமாக வரையுங்கள். இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இரண்டும் 14க்கு 20 அடி மரக்கட்டடம். அழுக்குத் துணியால் நோய் பரவுமா என்று பார்க்கும் முதலாவதில் காற்று வராதபடி பலகைகளை இறுக்கி, இரண்டு சிறு ஜன்னல் மட்டும் வைத்து, அடுப்பால் சூடேற்றினார்கள். நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த போர்வை, தலையணை உறைகளைப் பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுவந்தார்கள். நவம்பர் 30 அன்று டாக்டர் ராபர்ட் குக், ஃபோக், ஜெர்னகன் மூவரும் அந்தப் பெட்டிகளைத் திறந்து, துணிகளை உதறி, அவற்றின் நடுவிலேயே 20 இரவு படுத்தார்கள். பிறகு வேறு ஆட்கள். மொத்தம் ஏழு பேர், 63 நாள். ஒருவருக்கும் நோய் இல்லை.

இரண்டாவது கட்டடம் காற்றோட்டமானது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் நீராவியில் சுத்தப்படுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு கம்பிவலை, ஒரு பக்கம் மட்டும் நோய்க்கொசு 15. டிசம்பர் 21 அன்று ஜான் மோரன் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார், கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சல். வலைக்கு மறுபக்கம் அதே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிவலையைத் தடித்த கோடாகக் காட்டுங்கள், வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

அடுத்து நாள் கணக்கு. நோயாளியின் முதல் மூன்று நாளுக்குள் கொசு இரத்தம் குடித்திருக்க வேண்டும், அதன் பிறகு சுமார் 12 நாள் கழிய வேண்டும். ஃபின்லே 1881 ஆகஸ்ட் 14 அன்றே ஹவானா அறிவியல் கழகத்தில் கொசுவைச் சரியாக அடையாளம் காட்டியவர், கொசு முட்டைகளை ரீட் குழுவுக்குக் கொடுத்தவரும் அவரே. அவர் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட முயற்சிகள் பிறரை நம்பவைக்காமல் போனதற்குப் பெரிய காரணம், நோயாளியைக் கடித்த சில நாளிலேயே அந்தக் கொசுவை அடுத்தவர் மேல் விட்டதுதான். இந்த இடைவெளியை 1898இல் மிசிசிப்பி கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டியவர் ஹென்றி ரோஸ் கார்டர். "ரீட் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் முடித்தால் இந்த இருவரும் காணாமல் போவார்கள்.

தாள்கட்டு

நன்றி. இரண்டு இடத்தில் வாசகம் தட்டுகிறது. லசியர் "தானாகக் கடிக்கவிட்டார்" என்பதா, "தற்செயலாகக் கடிபட்டார்" என்பதா? குடியேறிகளின் ஒப்பந்தத் தாளைக் காட்டினால் "முதல் சம்மதப் பத்திரம்" என்று எழுதலாமா?

மூலப்பிரதி

லசியர்: 1900 செப்டம்பர் 25 அன்று இறந்தார் என்பதில் சந்தேகம் இல்லை. மருத்துவமனையில் தற்செயலாகக் கடிபட்டதாகத்தான் வெளியான அறிக்கை சொல்கிறது. அவரே தன்மேல் பரிசோதித்தார் என்ற சந்தேகம் அன்றே இருந்தது. அதைத் தீர்க்கக்கூடிய குறிப்பேடு ரீட் கையில் இருந்தது, 1902இல் அவர் இறந்தபின் காணாமல் போனது. ஆகவே "அறிக்கையின்படி தற்செயல், தானே செய்திருக்கலாம் என்றும் கருதப்படுகிறது" என்று பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

ஒப்பந்தம்: "முதல்" வேண்டாம், "தொடக்ககால எழுத்துச் சம்மதங்களில் ஒன்று" போதும். 1900 நவம்பர் 26 தேதியிட்ட பெனிக்னோவின் தாளை எடுங்கள், ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. அமெரிக்கத் தங்கத்தில் 100 டாலர், நோய் வந்தால் இன்னொரு 100. முடிவதற்குள் முகாமை விட்டுப் போனால் பணம் கிடையாது. இந்தத் தீவில் இருக்கிறவரை எப்படியும் நோய் தொற்றத்தான் செய்யும், ஆகவே தெரிந்தே ஏற்கிறேன் என்ற பொருளில் ஒரு வாசகமும் உண்டு. அதை விட்டுவிட்டு 100 டாலரை மட்டும் காட்டாதீர்கள். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவருக்கு அந்த வாசகமும் அந்தத் தொகையும் சேர்ந்து எப்படிப்பட்ட அழுத்தம் என்பது இரண்டையும் அருகருகே படித்தால்தான் புரியும். ஒப்பீட்டுக்கு இத்தாலிய பாக்டீரியா ஆய்வாளர் ஜிசெப்பே சனரெல்லியையும் ஒரு பத்தியில் வையுங்கள். 1897இல் தான் கண்டதாக நம்பிய மஞ்சள் காய்ச்சல் பாக்டீரியாவின் வடிநீரைச் சம்மதம் கேட்காமல் ஐந்து பேருக்கு ஏற்றியவர். மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அதை மறு ஆண்டே வெளிப்படையாகக் கண்டித்தார்.

கிளாரா மாஸ் செவிலியர், 1901 ஆகஸ்ட் 24 அன்று லாஸ் அனிமாஸில் இறந்தார். 1951இல் கியூபாவும் 1976இல் அமெரிக்காவும் தபால்தலை வெளியிட்டன. அதே தொடரில் ஸ்பானியக் குடியேறிகள் இருவரும் இறந்தார்கள். அவர்களுக்குத் தபால்தலை இல்லை. அவர்கள் பெயரை ஆவணத்திலிருந்து உறுதி செய்ய முடியாவிட்டால் "ஸ்பானியக் குடியேறி, லாஸ் அனிமாஸ், 1901" என்று தனித்தனி வரியாகவே போடுங்கள். "மற்றும் பலர்" என்று சுருட்ட வேண்டாம்.

அச்சுமை

படங்கள் பற்றி. எல்லா இடத்திலும் கண்ணில் படுவது 1939இல் டீன் கார்ன்வெல் வரைந்த வண்ண ஓவியம்: லசியர் கரோலுக்குக் கொசு வைக்கிறார், ரீட் நின்று பார்க்கிறார். கரோலுக்குக் கடி விழுந்த அன்று ரீட் வாஷிங்டனில் இருந்தார். போட்டால் "கற்பனை ஓவியம், 1939" என்ற குறிப்போடு போடுங்கள், புகைப்படங்களோடு கலக்காதீர்கள். ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் காப்பகம் கேட்கும் நன்றி வரியைப் படத்தின் அடியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அச்சில் 30 செ.மீ. அகலம் வரும் ஆவணத்துக்குச் சுமார் 3,500 பிக்சல் வேண்டும். இணையப் பக்கத்தில் தெரியும் சிறு படத்தைப் பெரிதாக்கினால் கையெழுத்து கரைந்துவிடும். தட்டிக்கு 150 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு யூனிகோடுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறும், பெயர்ப் பலகையில் அது நடந்தால் அசிங்கம். பிடிஎஃப்பில் எழுத்துருவை உள்ளேற்றி, ஒரு தாளில் சோதனை அச்சு எடுத்து, விரிதாளோடு பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள்.

கொசுவலை

எட்டாவது தட்டிக்கு முன் இடம் மிஞ்சினால் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொடுங்கள். 1927 ஜூன் 30 அன்று கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், அசிபி என்ற 28 வயதுக்காரரிடம் எடுத்த இரத்தத்தை ரீசஸ் குரங்குக்கு ஏற்றி வைரஸைப் பிரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆய்வாளர் அட்ரியன் ஸ்டோக்ஸ் லாகோஸில் அந்த நோயாலேயே இறந்தார். 1928 மே மாதம் அக்ராவில் ஹிதேயோ நொகுச்சியும் சில நாள் கழித்து வில்லியம் யங்கும், இருவரும் ஆய்வாளர்கள்தான், அதே நோயால் இறந்தார்கள். மாக்ஸ் தெய்லரின் 17டி தடுப்பூசி அசிபி வைரஸிலிருந்து வந்தது, 1951இல் அவருக்கு நோபல். அசிபி பிழைத்தவர் என்பதால் பல பட்டியல்களில் அவர் பெயர் வைரஸின் பெயராக மட்டுமே நிற்கும். உங்கள் விரிதாளில் அவருக்கும் ஒரு வரிசை போடுங்கள், "வழி" பத்தியில் "இயற்கைத் தொற்று, இரத்தம் கொடுத்தவர்" என்று.