மறு: ‘டிரிஃப்ட்’டுக்குத் தமிழில் என்ன? – ‘இழுப்பு’ போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய தரவைக் காட்டிக் கணிக்கப் பழக்கிய கணினி நிரலுக்கு (அதுதான் மாடல்) பிறகு வந்துசேரும் தரவு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆகிவிடுவதை ஆங்கிலத்தில் ‘டேட்டா டிரிஃப்ட்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில் இதுவரை வந்திருப்பவை நான்கு: தரவு நகர்வு, தரவுப் பெயர்ச்சி, தரவு விலகல், தரவுப் பிறழ்வு. மீனைத் தின்னும்போது போல ஒவ்வொன்றிலும் ஒரு முள் தட்டுகிறது.

விலகலைப் புள்ளியியல்காரர்கள் திட்டவிலக்கத்துக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். நகர்வு என்றால் யாரோ காய் நகர்த்துகிற தொனி வருகிறது. தவிர, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுபோவதையும் அப்படித்தான் எழுதுகிறோம். பெயர்ச்சி அழகான சொல். ஆனால் குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் பஞ்சாங்கத்தில் தேதி போட்டு வருபவை. டிரிஃப்ட் அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் நமக்கு என்ன கவலை? பிறழ்வு எனக்கு அறவே பிடிக்கவில்லை, பழி தரவின் மேல் விழுகிறது. தரவு ஒழுங்காகத்தான் இருக்கிறது. உலகம் மாறிவிட்டது, மாறாமல் நிற்பது நம் மாடல். (மாடலுக்கு ‘மாதிரி’யா ‘படிமமா’ என்ற பழைய சண்டையை இங்கே கிளப்ப வேண்டாம், மாடல் என்றே எழுதுகிறேன்.)

என் முன்மொழிவு: இழுப்பு.

பாம்பனில் என் மாமா பல வருடம் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர், இப்போது மீன் ஏலக்கடை வைத்திருக்கிறார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகைச் சும்மா விட்டால் தண்ணீர் அதைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். ‘இன்னைக்கு இழுப்பு ஜாஸ்தி’ என்பார். படகுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சுற்றிலும் அதே தண்ணீர், காலடியில் அதே பலகை. கரையைப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது புரியும். பகலில் ராமேசுவரம் டிவி கோபுரம் இருக்கிறது, 323 மீட்டர் உயரம். இரவில் பாம்பன் கலங்கரை விளக்கம்.

பயன்பாட்டில் விட்ட மாடலுக்கும் இதே கதைதான். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஓடும், எண் வரும், அந்த எண் மட்டும் நாளுக்கு நாள் தப்பாகிக்கொண்டே போகும். அதனால்தான் பயிற்சிக்குக் கொடுத்த தரவில் ஒரு பகுதியை ‘ஒப்புத்தரவு’ என்று எடுத்துவைத்து, புதிதாக வருவதை அதோடு ஒப்பிடுகிறோம். பைத்தான் நிரல்மொழியில் சைபை என்ற கணக்குத் தொகுப்பை வைத்து, இரண்டு தரவுகளின் பரவலை ஒப்பிடும் கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையை ஒரே வரியில் போட்டுவிடலாம். பரவல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் பி.எஸ்.ஐ. (பாப்புலேஷன் ஸ்டெபிலிட்டி இண்டெக்ஸ்) குறியீடும் உண்டு, அது வங்கிக் கடன் துறையிலிருந்து வந்தது. 0.1-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 0.25-ஐத் தாண்டினால் கவனி என்பது அதில் கைக்கணக்கு. எல்லாமே கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கிற வேலைதான்.

இது மீனவர் சொல், கலைச்சொல் ஆகாது என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன். நம் மேல்நிலை இயற்பியல் பாடநூலில் ‘டிரிஃப்ட் வெலாசிட்டி’க்கு என்ன இருக்கிறது? இழுப்புத் திசைவேகம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் கண்டபடி அலைகின்றன, மின்புலம் அந்தக் கூட்டத்தையே மெல்ல ஒரு பக்கமாக இழுக்கிறது. தரவிலும் அதே படம்தான்: ஒவ்வொரு வரியும் தன் போக்கில் ஏறி இறங்கும், மொத்தப் பரவல் ஒரு பக்கமாகப் போயிருக்கும். பாடநூலும் கடற்கரையும் தனித்தனியாக ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கும்போது நாம் ஏன் வேறிடத்தில் தேட வேண்டும்?

வினையும் சுலபம்: ‘தரவு இழுபட்டிருக்கிறது.’ அளவுக்கு இழுப்பளவு. ஆனால் தரவு இழுப்பு என்று இடம்விட்டே எழுதுங்கள். சேர்த்து ‘தரவிழுப்பு’ என்று எழுதினால் ‘தர விழுப்பு’ என்று படிக்கிற ஆபத்து இருக்கிறது, அப்புறம் யாராவது விழுப்புண்ணைத் தேடிக்கொண்டு புறநானூற்றுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். இழுப்பு என்றால் மூச்சிழுப்பு நோய் அல்லவா என்பது ஒன்று. உண்மைதான், ஆனால் முன்னால் ‘தரவு’ நிற்கும்போது யாரும் வைத்தியரிடம் ஓடப்போவதில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் ‘கிட்’ மென்பொருளில் புதிய மாற்றங்களை இறக்கிக்கொள்ளும் ‘புல்’லை (pull) என்ன சொல்வது என்பது மற்றொன்று. அதைப் ‘புல்’ என்றேதான் எல்லோரும் சொல்கிறோம், தரவுத்தளத்திலிருந்து தரவை ‘எடுக்கிறோம்’.

எனக்கு உண்மையாகவே இடிப்பது ‘கான்செப்ட் டிரிஃப்ட்’தான். ‘கருத்து நகர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், தேர்தலுக்கு முன் கட்சி மாறுகிறவர் ஞாபகம் வந்தது. அங்கே மாறுவது கருத்து அல்ல. உள்ளே போகிற தரவுக்கும் வெளியே வருகிற விடைக்கும் உள்ள தொடர்பு மாறுகிறது. ஆகவே ‘தொடர்பு இழுப்பு’.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். மாமாவின் கணக்கு நோட்டுகளில் 2012 முதல் 2016 வரை உள்ளதைத் தட்டச்சு செய்து, பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பில் ஏற்றினேன். தேதி, கரைக்கு வந்த விசைப்படகு, இறால், நண்டு, கணவாய், கோழித்தீவனத்துக்குப் போகிற சங்காயம் (கழிவு மீன்), வாங்கிய ஐஸ் பார். மறுநாளைக்கு எத்தனை பார் ஐஸ் வேண்டும் என்று சொல்ல மாடல் கட்ட உதவும் சைக்கிட்-லேர்ன் தொகுப்பில் ஒரு சின்ன மாடல். அதை 2017 நோட்டோடு சரிபார்த்தேன். மே கடைசி வரை அருமையாகப் பொருந்தியது. மே 30 வந்ததும் ‘படகுகள் கிளம்பிவிட்டன, ஐஸ் வாங்கு’ என்றது. நோட்டிலோ ஜூன் 14 வரை சைபர். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 2016 வரை 45 நாள், 2017-இலிருந்து 61 நாள். மாமா சிரித்தார்: “தடைக்காலத்தக் கூட்டுனது ஒங் கம்ப்யூட்டருக்குத் தெரியாதாக்கும், மாப்ள?”

கவனியுங்கள், இதில் தரவு இழுபடவே இல்லை. தேதிப் பத்தியை எந்தச் சோதனைக்குக் கொடுத்தாலும் மே 30 மே 30 ஆகத்தான் இருக்கும். அந்தத் தேதிக்கு இருந்த பொருள்தான் போய்விட்டது. உள்ளீட்டை மட்டும் கண்காணிக்கிற கருவிகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றன. விடையையும் வாங்கிப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் இரண்டுக்கும் இரண்டு பெயர் கட்டாயம் வேண்டும்.

வாடைக்காற்றும் கச்சான் காற்றும் போலப் பருவந்தோறும் திரும்பத் திரும்ப வருவது வேறு கணக்கு. வாடைக் காலத்தில் எங்கள் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், கச்சானில் தென்கடல் (மன்னார் வளைகுடா). மாடலுக்கு மாதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும், அதற்குத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மேலே உள்ளதையெல்லாம் எழுதிவிட்டு மாமாவிடம் படித்துக் காட்டினேன். முதல் பாதிக்குத் தலையாட்டினார். தடைக்காலக் கதைக்கு வந்ததும் ஒத்துக்கொள்ளவில்லை. “இழுப்புன்னா கொஞ்சங் கொஞ்சமாத்தான். ஒரே ராத்திரில உத்தரவு போட்டு மாத்துனா அது எப்புடி இழுப்பாகும்? கயிறு அந்து போச்சுன்னு சொல்லு.”

அவர் சொல்வது சரி. ஆங்கிலத்தில் ‘சடன் டிரிஃப்ட்’ என்று எழுதுகிறவர்களும் இதே முரணில்தான் நிற்கிறார்கள், நாம் அதை அப்படியே சுமக்க வேண்டியதில்லை. மெல்ல நடப்பது தொடர்பு இழுப்பு, ஒரே நாளில் நடப்பது தொடர்பு அறுதல் என்று பிரிக்கலாமா? பொருளியல்காரர்கள் ‘முறிவு’ என்கிறார்கள், எனக்கு ‘அறுதல்’ பக்கம்தான் சாய்வு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து