அருங்காட்சியகப் பொருட்களை வைத்தே எதிர்வினை செய்வது: எங்கே தொடங்குவது?

சுடுமண்
காலனியக் காலச் சேகரிப்புகளைக் கேள்வி கேட்கும் கலைஞர்கள் என்றால் எல்லோரும் அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சனில் தொடங்குகிறார்கள். அவர் புதிதாக எதையும் செய்யவில்லை, கிடங்கில் இருந்ததை எடுத்து இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதானே? அப்படியென்றால் க்யூரேட்டருக்கும் (பொருட்களைத் தேர்ந்து காட்சியமைப்பவர்) கலைஞருக்கும் என்ன வேறுபாடு? இப்படி ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டால் எங்கே தொடங்க வேண்டும், எங்கே இடறும்? கோட்பாட்டு விளக்கம் நிறையப் படித்தாயிற்று. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பித்தளைத்தகடு
இடம் மாற்றியதுதான் வேலையே. 1992, அமெரிக்காவின் பால்டிமோர், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தில் வில்சனின் கண்காட்சி. ஒரு கண்ணாடிப் பெட்டியில் புடைப்பு வேலை செய்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும். அவற்றுக்கு நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. விளக்க அட்டையில் ‘உலோக வேலைப்பாடு 1793–1880’. ஒரு அடைமொழிகூட இல்லை. ‘கொடூரம்’ என்று எழுதியிருந்தால் பார்வையாளர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். இரண்டும் உலோகம், இரண்டும் ஒரே காலம். பிறகு ஏன் இத்தனை காலம் ஒன்று மட்டும் காட்சிக்கூடத்தில் இருந்தது? நாற்காலிகளைச் சாட்டையடிக் கம்பத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு ‘மரச்சாமான் வேலை 1820–1960’ என்று அட்டை வைத்ததும் இதே முறைதான். க்யூரேட்டர் வகைப்பாட்டுக்குள் நின்று வேலை செய்வார். வில்சன் வகைப்பாட்டையே காட்சிக்கு வைத்தார்.

தொடங்க வேண்டிய இடம் சேர்க்கைப் பதிவேடு, அதாவது அருங்காட்சியகத்துக்கு வந்த ஒவ்வொரு பொருளையும் எண்ணிட்டுக் குறித்து வைக்கும் ஏடு. பொருளின் பெயரைவிட ‘வந்த ஆண்டு’, ‘கொடுத்தவர்’, ‘வந்த வழி’ இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். பெனின் வெண்கலங்கள் (இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் சிற்பங்கள்) என்றால் அவை கொள்ளைபோன 1897 பிரிட்டிஷ் படையெடுப்பு. அதற்குப் பின் வந்தது ‘நன்கொடை’ என்றே பதிவாகியிருந்தாலும், கொடுத்தவர் கைக்கு அது எப்படி வந்தது என்று ஒரு படி பின்னால் போக வேண்டும். கிடங்கில் ‘அடிமைமுறை தொடர்பானவை’ என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். அது ‘கருவிகள்’ தலைப்பில் கிடக்கும். சேர்க்கை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புது அட்டை எழுதினால் அந்த இடத்தின் எழுத்துரு, அளவு, வாக்கிய நடை எதையும் மாற்றாதீர்கள்.

அலமாரி_4
மேலே சொன்னது பழைய பொருளை மட்டும் வைத்துச் செய்வது. நீங்களே ஒன்று செய்து உள்ளே கொண்டுபோனால், பொருட்கள் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பிரிவைத் தாண்ட வேண்டும்.

அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ரகோவிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் பாக்தாத் அருங்காட்சியகத்தில் களவுபோனவற்றை உணவுப் பொட்டல உறைகளாலும் அரபுச் செய்தித்தாள்களாலும் மறுபடி செய்துவருகிறார். 2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுவிய லமாசு (சிறகுள்ள காளை உடலும் மனித முகமும் கொண்ட அசீரியக் காவல் உருவம்) 10,500 பேரீச்சம்பழப் பாகு டப்பாக்களால் ஆனது. நினிவேயில் ஐ.எஸ். உடைத்த சிலையின் மறுவடிவம். அது வெட்டவெளி, பிரச்சினையில்லை. காட்சிக்கூடத்துக்குள் உணவு உறை என்றால் பூச்சி வரும். கழுவிக் காயவைத்து, பாலித்தீனில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 30 டிகிரியில் 3 நாள். வீட்டு ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18, இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் பொருள்மேலேயே நீர் கோக்கும்.

வெள்ளியுள்ள பெட்டியில் கம்பளித் துணி, வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்து இறுக்கிய) ரப்பர் இரண்டும் ஆகாது. அவற்றிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை அமில ஆவி விடும், ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். சந்தேகம் என்றால் ஆடி (Oddy) சோதனை: அந்தப் பொருளை உலோகத் துண்டுகளோடு மூடிவைத்து, உலோகம் கெடுகிறதா என்று பார்ப்பது, 60 டிகிரி, 28 நாள். துணி, காகிதத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியளவு அலகு) வரம்பு. பக்கத்தில் வீடியோ ப்ரொஜெக்டர் வைத்தால் அதன் ஒளியும் அந்த 50க்குள்தான் அடங்க வேண்டும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சுடுமண்
மிக்க நன்றி இருவருக்கும். பொருளைத் தொடவே முடியாது, நகர்த்தவும் முடியாது என்றால்?

கோட்டுருவம்
டெர்வூரன் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், பெல்ஜியம். அதன் வட்டக்கூடத்தில் ‘பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருகிறது’ வகையறாச் சிலைகள், பொன்முலாம் பூசியவை. கட்டடத்தோடு சேர்த்து மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டதால் அகற்ற வழியில்லை. 2018 மறுதிறப்பில் காங்கோ கலைஞர் ஏமே ம்பானேயின் பெரிய மரத்தலை ஒன்றை நடுவில் வைத்தார்கள். சிலைகளின் முன் அது மட்டும் நின்று தாங்காது என்ற விமர்சனம் வந்தது, என் கருத்தும் அதுவே. பிறகு ம்பானேயும் பெல்ஜியக் கலைஞர் ஜான் பியர் முல்லரும் ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் படம் அச்சிட்ட மெல்லிய திரையைத் தொங்கவிட்டார்கள். சிலை மறையவில்லை, திரையின் ஊடாகத்தான் தெரியும். ஆணி அடிக்காமல், முலாம்மேல் உரசாமல், சட்டத்தையும் மீறாமல். கூடவே இரண்டாவது தலை: பெல்ஜிய அதிகாரி ஸ்டோர்ம்ஸின் படையெடுப்பில் கொல்லப்பட்ட லுசிங்கா என்ற தலைவரின் மண்டையோட்டைக் காட்டும் சிற்பம்.

இன்னொன்று, ஒப்பந்தம். பொருளைக் காட்ட அனுமதி வேறு, படத்தைப் பயன்படுத்த அனுமதி வேறு. 2022இல் காங்கோ தோட்டத் தொழிலாளர் கலைக்குழு சி.ஏ.டி.பி.சி., அமெரிக்காவின் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்த பாலோ சிற்பத்தின் (பாலோ என்ற பெல்ஜியக் காலனிய அதிகாரியின் உருவம்) படத்தை வைத்து என்.எஃப்.டி. (விற்கக்கூடிய டிஜிட்டல் உரிமைச் சான்று) செய்தது, அருங்காட்சியகம் எதிர்த்தது. சிற்பம் 2024இல் காங்கோவிலுள்ள லுசாங்காவுக்குக் கடனாகப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம். நீங்கள் ஒளிப்படம், முப்பரிமாண ஸ்கேன், விற்பனை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.