அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி இரத்தம் கொண்டுசெல்லும் உட்பொருத்திகள்: எது நடைமுறையில் உள்ளது?

கேள்வி

வணக்கம். என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது காலிலிருந்து எடுத்துப் பொருத்திய சிரைகள் இப்போது அடைபட்டுவிட்டன. அண்மையில் எடுத்த ஆஞ்சியோகிராமைப் பார்த்த மருத்துவர்கள், இதயத் தமனிகள் நெடுகிலும் மெலிந்து ஆங்காங்கே சுருங்கியிருப்பதால், ஸ்டென்ட் வைக்கவோ மீண்டும் பைபாஸ் செய்யவோ ஏற்ற இடம் இல்லை என்று கூறிவிட்டனர். மருந்துகளைத் தவறாமல் சாப்பிட்டும், மாடிப்படி ஏறினாலே அவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது.

மாற்று வழி தேடியபோது, இதயத்தின் இடது கீழறையிலிருந்து தசைச் சுவரைத் துளைத்துச் சென்று, அடைப்புக்கு அப்பால் உள்ள தமனியில் நேராகத் திறக்கும் சிறு குழாயைப் பொருத்தும் முயற்சிகள் நடந்ததாகப் படித்தேன். பிராணவாயு நிறைந்த இரத்தம் கீழறையில் நிரம்பியிருக்கிறது. தமனியோ அதற்கு வெகு அருகில் ஓடுகிறது. அப்படியிருக்க, இந்த வழி ஏன் நடைமுறைக்கு வரவில்லை? சிரைக்குப் பதிலாகச் செயற்கைக் குழாயை வைத்தாவது பைபாஸ் செய்ய முடியாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், மருத்துவரிடம் சரியான கேள்விகளோடு போக எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (உயிர்மருத்துவப் பொறியாளர்)

நீங்கள் படித்தது உண்மையாக நடந்த முயற்சிதான். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் அத்தகைய குழாய்கள் விலங்குகளிலும், பின்னர் சில நோயாளிகளிடமும் பொருத்திப் பார்க்கப்பட்டன. அவை நிலைக்காமல் போனதற்கு முதன்மையான காரணம், இதயம் தன் தசைக்கு இரத்தம் எடுத்துக்கொள்ளும் நேரம்.

மற்ற உறுப்புகளுக்கு, இதயம் சுருங்கும்போது இரத்தம் வேகமாகப் பாய்கிறது. இடது கீழறையின் தசைக்கோ, இதயம் தளரும்போதுதான் பெரும்பகுதி இரத்தம் கிடைக்கிறது; ஏனெனில் சுருங்கும் தசை தனக்குள் ஓடும் நுண்குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. இப்போது அழுத்தங்களைக் கவனியுங்கள். சுருங்கும்போது கீழறையிலும் பெருந்தமனியிலும் அழுத்தம் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரசம். தளரும்போது பெருந்தமனியின் வால்வு மூடிக்கொள்வதால், அங்கே அழுத்தம் 80 அளவில் நின்றுவிடுகிறது. கீழறையிலோ அது 10க்கு அருகில் இறங்கிவிடுகிறது. ஆகவே கீழறையிலிருந்து தமனிக்குப் போடப்படும் குழாய், தசை வாங்கிக்கொள்ள இயலாத நேரத்தில் இரத்தத்தைத் தள்ளுகிறது. தசை வாங்கும் நேரத்தில், தமனியில் இருப்பதையும் கீழறைக்கே திரும்ப வடியவிடுகிறது. தமனி முழுவதும் அடைபடாமல் சிறிதளவு ஓட்டம் மிஞ்சியிருந்தால் இது இன்னும் கெடுதல், ஏனெனில் அந்த மிச்ச இரத்தமும் இதே வழியாகக் கீழறைக்குள் இறங்கிவிடக்கூடும்.

குழாய்க்குள் ஒரு வால்வை வைத்துத் திரும்பும் ஓட்டத்தைத் தடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள குழாய்க்குள், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடும் இதழை வைத்தால், அதன் ஓரங்களில் இரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறையும். போதாக்குறைக்கு, அந்தக் குழாய் சுருங்கும் தசைக்கு நடுவே நெரிபடாத அளவுக்கு விறைப்பாகவும், மென்மையான தமனியின் பின்சுவரில் உராயாத அளவுக்கு இணக்கமாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவருவது மிகக் கடினம்.

ஊர்வனவற்றின் இதயத் தசை கடற்பஞ்சு போன்று துளைகள் நிறைந்தது. அதன் பெரும்பகுதிக்கு அறையிலிருந்தே நேராக இரத்தம் ஊறுகிறது. மனித இதயத்திலும் லேசரால் துளைகள் இட்டு அதே வழியை உண்டாக்கலாம் என்ற நம்பிக்கையில் 1990களில் ஒரு சிகிச்சை பரவியது. துளைகள் விரைவில் மூடிக்கொண்டன. வடிகுழாய் (இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக அதைச் செய்தபோது, போலிச் சிகிச்சை (உண்மையான சிகிச்சை போலவே நடத்திக்காட்டும் நடைமுறை) பெற்றவர்களைவிடக் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் போலிச் சிகிச்சைக் குழுவிலும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். நெஞ்சுவலிக்கான எந்தப் புதிய கருவியைப் பற்றிப் படித்தாலும், அது போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மறுமொழி 2 (இதய அறுவை அரங்கில் பணிபுரிபவர்)

செயற்கைக் குழாயைப் பற்றிய கேள்விக்கு நான் விடையளிக்கிறேன். பெருந்தமனிக்கும் தொடைத் தமனிக்கும் செயற்கைக் குழாய்கள் பல்லாண்டுகளாக நன்றாக உழைக்கின்றன. விட்டம் 6 மி.மீ.க்குக் கீழே போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பைபாஸ் இணைக்கப்படும் இதயத் தமனியோ பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மி.மீ. விட்டமே உடையது. உயிருள்ள இரத்தக் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல்படலம், உறைதலைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. செயற்கைக் குழாயில் அந்தப் படலம் இல்லை. ஓட்டம் மெதுவாக இருக்கும் குறுகிய குழாயில் மெல்லிய உறைவு படிந்தாலே வழி அடைபட்டுவிடும்.

இணைப்பிடத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் புரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்த அறுவை மருத்துவர், தலைமுடியைவிட மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நூலால், சில மில்லிமீட்டர் நீளமுள்ள கீறலைச் சுற்றித் தையல் போடுகிறார். ஒரு தையல் சற்றே ஆழமாக விழுந்து பின்சுவரைப் பிடித்துவிட்டால் போதும், அந்தப் பைபாஸ் வீணாகிவிடும். இந்தத் தையலுக்கு மாற்றாக, சிரையைப் பெருந்தமனியோடு இணைக்கும் உலோக இணைப்பான் ஒன்று 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இணைப்பிடங்கள் சீக்கிரமே சுருங்குவதாகச் செய்திகள் வந்ததால், சில ஆண்டுகளில் அதன் விற்பனை நின்றுபோனது.

ஆகவே 1964இல் அறுவை மருத்துவர் கொலெசோவ் லெனின்கிராடில் உள்மார்புத் தமனியை (மார்புச் சுவரின் உட்புறத்தில் ஓடும் தமனி) இதயத் தமனியோடு இணைத்ததும், 1967இல் அறுவை மருத்துவர் ஃபவலோரோ கிளீவ்லாந்தில் கால் சிரையைப் பயன்படுத்தியதுமே இன்றும் அடிப்படை முறைகளாக நீடிக்கின்றன. பத்து ஆண்டுகள் கழித்தும் உள்மார்புத் தமனி இணைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம் திறந்திருக்கின்றன. சிரைகளில் ஏறக்குறைய பாதிதான் தேறுகின்றன. உங்கள் அண்ணனுக்கு முதல் அறுவையில் உள்மார்புத் தமனி பயன்படுத்தப்பட்டதா, அது இன்னும் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. உள்மார்புத் தமனி திறந்திருப்பதாகத்தான் அறிக்கையில் உள்ளது. இடப்பக்கத்தின் பின்புறத் தமனிகளில்தான் அடைப்பு. அப்படியானால், உடலுக்குள் பொருத்தக்கூடிய கருவி என்று இன்றைக்கு எதுவுமே இல்லையா?

மறுமொழி 3 (இதய மருத்துவத்தில் உயர்பட்ட மாணவர்)

ஒன்று இருக்கிறது. ஆனால் அது அடைப்பைத் தாண்டிப் பாதை போடும் கருவி அன்று. இதயத் தசையில் பயன்பட்ட இரத்தம் கரோனரி சைனஸ் என்னும் சிரை வழியாக வலது மேலறைக்குத் திரும்புகிறது. அந்தச் சிரைக்குள், கழுத்துச் சிரை வழியாக, நடுவில் ஒடுங்கிய துருப்பிடிக்காத எஃகு வலைக் கருவி ஒன்றை வைக்கிறார்கள். 'ரெட்யூசர்' என்பது அதன் பெயர். சில வாரங்களில் வலையின் மேல் திசு வளர்ந்து மூடிய பிறகு, நடுவிலுள்ள குறுகிய துளை வழியாக மட்டுமே இரத்தம் வெளியேறும். இதனால் சிரைப் பக்கத்து அழுத்தம் உயர்ந்து, இரத்தம் தட்டுப்படும் உட்புறத் தசை அடுக்குக்குக் கூடுதல் பங்கு திரும்புகிறது என்பதே இதன் பின்னுள்ள கருத்து. பொருத்திய மறுநாளே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

2015இல் வெளியான போலிச் சிகிச்சை ஒப்பீட்டு ஆய்வில் 104 பேர் பங்கேற்றனர். நெஞ்சுவலியின் நிலை இரண்டு படிகளாவது குறைந்தவர்கள் கருவி பெற்றவர்களில் 35 சதவீதம், பெறாதவர்களில் 15 சதவீதம். 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, வலி வரும் தடவைகள் குறைந்ததைக் காட்டியது, ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடியதாகத் தெரியவில்லை. ஆயுளை நீட்டிக்கும் என்று இதுவரை எந்த ஆய்வும் நிறுவவில்லை. எனவே, தாங்க முடியாத வலியோடு வாழ்பவருக்கு அன்றாட வாழ்க்கையைச் சற்று எளிதாக்கும் வழி என்றே இதை நான் மதிப்பிடுகிறேன். அதுவே பெரிய உதவிதான்.

கரோனரி சைனஸ் பெரும்பாலும் இடப்பக்கத் தசையின் இரத்தத்தையே வடிப்பதால், வலப்பக்கத் தமனியில் மட்டும் குறை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வலது மேலறையின் அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருப்பவர்களுக்கும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அதற்கு முன், முழுதும் அடைபட்ட தமனிகளை வடிகுழாயால் திறப்பதில் தனிப் பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் ஆஞ்சியோகிராமைப் பார்க்கட்டும். ஒரு மருத்துவர் இயலாது என்று சொன்ன அடைப்பை இன்னொருவர் திறப்பது அரிதன்று.

கேள்வி கேட்டவர்

அண்ணனுக்கு பேஸ்மேக்கரும் உள்ளது. அதனால் தடை ஏதும் உண்டா?

மறுமொழி 3

எந்த வகை என்பதைப் பொறுத்தது. இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கவைக்கும் வகையாக இருந்தால், அதன் ஒரு கம்பி கரோனரி சைனஸ் வழியாகவே செல்லும். அங்கே ரெட்யூசர் வைக்க முடியாது. வலப்பக்க அறைகளில் மட்டும் கம்பி உள்ள வகையானால் அந்தத் தடை இல்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட பேஸ்மேக்கர் அட்டையில் வகை குறிக்கப்பட்டிருக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும், ஆஞ்சியோகிராமின் வெறும் அறிக்கையை மட்டுமல்லாமல் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இடையில் ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, வழக்கமான மாத்திரைக்கு அடங்காமல் நீடித்தாலோ, அந்தச் சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.