222 தொகுதி ரிக்ரெஷன்: இன விழுக்காட்டைச் சேர்த்ததும் கெழுக்கள் தாறுமாறு

செந்தூல்_மாணவி:
வணக்கம். அரசியல் அறிவியல் முதுகலை ஆய்வு. மலேசியாவின் 2022 பொதுத்தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் பெற்ற வாக்கு விழுக்காடுதான் சார்பு மாறி (விளக்கவேண்டியது). மலாய், சீனர், இந்தியர், மற்றவர் விழுக்காடு நான்கையும் குடும்ப வருமானத்தையும் சாரா மாறிகளாகப் (விளக்கும் காரணிகளாக) போட்டேன். ஆர்-ஸ்கொயர், அதாவது மாடல் பொருந்தும் அளவு, பிரமாதம். ஆனால் இன மாறி நான்கின் கெழுக்களிலும் ஸ்டேண்டர்ட் எரர் (மதிப்பீட்டுப் பிழை) எக்கச்சக்கம், ஒன்றுகூட சிக்னிஃபிகன்ட் இல்லை. எதை நீக்குவது?

புள்ளிக்காரன்:
நான்கையும் கூட்டினால் 100 வரும். மாறிலியோடு சேர்த்தால் முழு ஒருபடித்தொடர்பு, அதாவது மூன்று தெரிந்தால் நான்காவது தானே தெரியும்; தனித்தனி விளைவைப் பிரிக்க முடியாது. சரியாக 100 வந்திருந்தால் ஆர் மென்பொருளே ஒன்றைக் கழற்றி என்ஏ (மதிப்பு இல்லை) என்று காட்டியிருக்கும். உங்கள் தரவு தசமத்தில் முழுமையாக்கப்பட்டு 99.9, 100.1 என்று நிற்கும், அதனால் அது ஏமாந்துவிட்டது. மலாய் விழுக்காட்டை எடுத்துவிடுங்கள். அதன்பின் இந்தியர் கெழுவை இப்படி வாசிக்கவேண்டும்: சீனர், மற்றவர், வருமானம் மாறாமல், மலாய்க்காரர் 1 புள்ளி குறைந்து அந்த இடத்தில் இந்தியர் 1 புள்ளி கூடினால் என்ன ஆகும் என்று. 'மற்றவர்களை ஒப்பிட' என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிடித்துக்கொள்வார்கள்.

ஆயர்_ஈத்தாம்:
அதைவிடப் பெரிய சிக்கல் 222ஐயும் ஒரே மாடலில் போட்டது. சபா, சரவாக்கில் 'மற்றவர்' என்பதற்குள் மலாய்க்காரர் அல்லாத பூமிபுத்ராக்களே (பூர்வகுடிகளே) அதிகம். போட்டியும் அங்குள்ள கூட்டணிகளான ஜிஆர்எஸ் (சபா), ஜிபிஎஸ்ஸோடு (சரவாக்). தீபகற்பத்தின் 165ஐ மட்டும் தனியாக ஓட்டுங்கள். அவற்றுள் ஒன்றான பாடாங் செராய் தொகுதியில் வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது, அதற்குள் அரசாங்கமே அமைந்துவிட்டது. அதை விட்டு 164இலும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரே மாநிலத் தொகுதிகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் ஸ்டேண்டர்ட் எரரை மாநிலவாரி கிளஸ்டர் (குழு) போட்டுக் கணக்கிடச் சொல்வார்கள். 11 மாநிலம், 2 கூட்டரசுப் பிரதேசம், ஆக 13தான். புத்ராஜெயாவில் ஒரே தொகுதி. இவ்வளவு குறைவாக இருந்தால் பி-மதிப்பு பொய்யாகச் சிறுக்கும். குழுக்கள் குறைவாக இருக்கும்போது பயன்படும் மறுமாதிரி முறையான ஒயில்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் போடுங்கள்.

செந்தூல்_மாணவி:
நன்றி! அப்படியானால் இந்தியர்கள் ஹராப்பானுக்கு வாக்களித்தார்கள் என்று எழுதலாமா?

புள்ளிக்காரன்:
கூடாது. தொகுதித் தரவு தொகுதியைப் பற்றித்தான் பேசும். இந்தியர் கூடிய தொகுதியில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று அது சொல்லாது. முடிந்தால் போராங் 14 (வாக்கு எண்ணிக்கைப் படிவம்) தேடுங்கள், சாலூரான் (வாக்குச்சாவடிக்குள் உள்ள வாக்களிப்பு வரிசை) வாரியாக எண்ணிக்கை இருக்கும். வாக்காளரை வயதுப்படி சாலூரானுக்குப் பிரிப்பதால் வயதை ஓரளவு நெருங்கலாம். தனிநபர் வாக்கைப் பேச ஆய்வுக்கணிப்புத் தரவுதான் வேண்டும்.