படத்தில் இருக்கும் மீன் கெலாவா, தெங்காஸா?

ஆற்றங்கரையான்:
பாலத்துக்குக் கீழே ஒரு பகல் வலை வீசிவிட்டு, ‘அருகிவரும் நாட்டு மீன் இந்த ஆற்றில் இல்லை’ என்று வீடமைப்புத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அதைக் கிராணிமகன் இங்கே பெருமையோடு பதிவிட்டிருக்கிறார். பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்காரர்களே, இந்தப் படத்தைப் பாருங்கள். மேலே பாறை மடுவில் என் மைத்துனர் பிடித்து, திரும்ப ஆற்றிலேயே விட்ட கெலா இது.

கிராணிமகன்:
படம் அழகு. உதடு எங்கே? கெலாவுக்குக் கீழுதட்டின் நடுவில் சதைமடல் தொங்கும். தெங்காஸுக்கு அது கிடையாது. பெரிய செதிலும் மினுமினுப்பும் இரண்டுக்கும் உண்டு. உங்கள் படத்தில் மைத்துனரின் கட்டைவிரல்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஆற்றங்கரையான்:
நாங்கள் தூண்டில் போட்ட காலத்தில் உங்கள் கிராணி அப்பா தோட்ட ஆபீசில் உட்கார்ந்து தொழிலாளர் வருகையைச் செக்ரோலில் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மீன் பாடம் வேண்டாம்.

கிராணிமகன்:
அப்பாவை இழுத்தாகிவிட்டது. உதட்டை இன்னும் காணோம்.

மூன்றாம்பிரிவு:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். மழையில் நீர் ஏறும்போது இடம்பெயரும் மீனை, வெயில் காலத்தில் ஒரே இடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் கருவியும் ஆழமான மடுவில் சரியாக எடுபடாது. ஆற்று நீரை வடிகட்டி, மீன் விட்டுச்சென்ற மரபணுத் தடயத்தைச் சோதிக்கும் முறை வந்துவிட்டது. அதைச் செய்தார்களா? பேராக் ஆற்றின் தெமொலேயை எவரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அது மிக அருகிய இனம்; அனைத்துலக வணிகத்துக்குத் தடையுள்ள மீன்.

கிராணிமகன்:
நல்ல தகவல், தம்பி. ஆனால் இங்கே கேள்வி தெமொலே அல்ல, இந்தப் படம். மேலும் அருகிவரும் உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் கெலாவுக்கு ‘தரவு போதாது’ என்றுதான் போட்டிருக்கிறது.

ஆற்றங்கரையான்:
தரவு போதாது என்றால் போய்த் தேட வேண்டும். தேடாமலே இல்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? உங்கள் தம்பியின் லோரிக்கு மண் ஏற்றும் குத்தகை கிடைக்கப்போகிறது என்று ஊரே சொல்கிறது.

கிராணிமகன்:
லோரிக்கு உதடு இல்லை, ஐயா. மீனுக்கு இருக்கிறது. காட்டுங்கள்.

லயத்துப்பெண்:
தோட்டம் கைமாறி எங்களைத் தொழிலாளர் லயத்து வீடுகளைவிட்டுக் கிளப்பியபோது இத்தனை பேர் எழுதவில்லையே! மீனுக்கு மடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

ஆற்றங்கரையான்:
அக்கா, அங்கே கட்டப்போகும் வீடுகளின் விலையைக் கேட்டீர்களா? செம்பனை வெட்டும் சம்பளத்தில் வங்கி கடன் தருமா?

லயத்துப்பெண்:
விலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் முதலில் போன வருடத் தீமிதிக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆற்றங்கரையான்:
கோயில் கணக்குக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

கிராணிமகன்:
இரண்டையும் கேட்டால் நீங்கள் காட்டுவதில்லை.

மூன்றாம்பிரிவு:
அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்து அனுப்பக் கால வரம்பு உண்டு. வலை போட்ட இடம், பருவம், முறை மூன்றையும் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். யாராவது கையெழுத்து இடுகிறீர்களா?

கிராணிமகன்:
கடிதத்தில் ‘கெலா’ என்று எழுதியிருந்தால் நான் இடமாட்டேன்.

ஆற்றங்கரையான்:
கெலா என்று எழுதாவிட்டால் நான் இடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மறுபடியும் மடுவுக்குப் போகிறார். கிராணி வீட்டுக்கு அழைப்பு கிடையாது.

கிராணிமகன்:
அழைக்க வேண்டாம். கட்டைவிரலை மட்டும் வேறு பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.