டொயோட்டா 86 காருக்கு 18×9.5 ரிம் பொருந்துமா? ஆஃப்செட், கேம்பர் குறித்து ஆலோசனை தேவை

ஈப்போவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86, மேனுவல் கியர். காருடன் வந்த 17×7 ரிம்மும் (17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்) 215/45 ஆர்17 டயரும்தான் இன்றுவரை ஓடுகின்றன. முந்தைய உரிமையாளர் லோவரிங் ஸ்பிரிங் போட்டிருப்பதால் வண்டி ஏறத்தாழ 25 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. வண்டி இறங்கியிருக்க, சக்கரம் மட்டும் மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை. டயரும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதால், ரிம்மையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

மூன்று வாய்ப்புகள் கிடைத்துள்ளன. முதலாவது, ஹாஃப்கட் கடை (பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) ஒன்றில் உள்ள ஜப்பானியப் பழைய ஃபோர்ஜ்டு ரிம், 18×9.5, ஆஃப்செட் 38, பிசிடி (போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×100. இரண்டாவது, 18×8.5, ஆஃப்செட் 35, ஆனால் பிசிடி 5×114.3, துளை அமைப்பை மாற்றித் தரும் 20 மி.மீ. தடிமனான அடாப்டர் தகடு போட்டு மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது, புதிய 17×8, ஆஃப்செட் 45, பிசிடி 5×100. மனம் முதலாவதிடம்தான் நிற்கிறது. வேலைக்குப் போய்வரவும், சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறவும், எப்போதாவது செப்பாங் பந்தய ஓடுதளத்துக்குப் போகவும் பயன்படுகிற வண்டி இது. மட்கார்டை வெட்டாமல், டயர் உரசாமல், சக்கரம் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பாக்ஸர்பிரியன் எழுதியது:

வணக்கம் நண்பரே. ஆஃப்செட் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அகலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (ரிம்மை மாட்டும் நடுப்பகுதி) பதியும் முகம் எவ்வளவு வெளிப்புறமாகத் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கும் என்பதும், பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் எவ்வளவு உள்ளே போகும் என்பதும் கிடைத்துவிடும்.

உங்கள் வண்டியோடு வந்த ரிம்மின் ஆஃப்செட் 48. ஏழு அங்குலத்தில் பாதி 88.9 மி.மீ. ஆகவே அது வெளியே 40.9, உள்ளே 136.9 மி.மீ. வரை நிற்கிறது. மற்ற மூன்றையும் இதோடு ஒப்பிட்டால் போதும். 17×8, ஆஃப்செட் 45 என்பது இப்போதையதைவிட 15.7 மி.மீ. வெளியே வரும், 9.7 மி.மீ. உள்ளே போகும். 18×9.5, ஆஃப்செட் 38 என்பது கிட்டத்தட்ட 42 மி.மீ. வெளியே வரும், 22 மி.மீ. உள்ளே போகும். இரண்டாவதை அடாப்டரோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்: 35இலிருந்து 20 போக, உண்மையான ஆஃப்செட் 15. அது 52 மி.மீ. வெளியே வந்து நிற்கும். காருடன் வந்த ரிம்முக்கு 20 மி.மீ. ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ளும் இடைத்தகடு) போட்டாலே முன்சக்கரம் ஏறக்குறைய விளிம்புக்கு வந்துவிடுகிற வண்டி இது. 52 மி.மீ. என்றால், டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும், மழைநாளில் கதவெல்லாம் சேறாகும், சோதனைக்குப் போனால் கேள்வியும் வரும். அந்த இரண்டாவதை மறந்துவிடுங்கள்.

முதலாவதில் வெளிப்புறத்தைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். எனக்கு உட்புறமே பெரிய கவலை. இந்த வண்டியின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்டிரட், அதாவது சக்கரத்தை ஒட்டியே உட்புறமாக நிற்கும் ஷாக் அப்சார்பர் தூண். டயரின் உள்சுவருக்கும் ஸ்டிரட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் 22 மி.மீ. போய்விட்டால் மிஞ்சுவது மிகச் சிறிய இடைவெளிதான், அதுவும் எந்த டயர் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பின்பக்கம் டபுள் விஷ்போன் என்பதால் அங்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

டயர் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 215/45 ஆர்17 டயரின் விட்டம் 625 மி.மீ. 9.5 அங்குல ரிம்முக்கு முறையாகப் பொருந்துவது 245/35 ஆர்18 அல்லது 255/35 ஆர்18. முன்னதன் விட்டம் 629, பின்னதன் விட்டம் 636. 225/40 ஆர்18 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 வரைதான். அதை 9.5இல் இழுத்து மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏனென்றால் பக்கச்சுவர் சாய்ந்து நிற்பதால் ரிம்மின் உதடு பாதுகாப்பின்றி வெளியே தெரியும், ஒரு பள்ளத்தில் விழுந்தாலே அடி வாங்கும்.

என்னைக் கேட்டால் 17×8, அதில் 235/40 ஆர்17. விட்டம் 620, பழைய டயரிலிருந்து ஒரு விழுக்காடுகூட வேறுபாடு இல்லை, வேகமானியும் ஏமாற்றாது. 200 குதிரைத்திறன் உள்ள, 1,240 கிலோ அளவிலான வண்டிக்கு அதற்குமேல் ரப்பர் தேவையில்லை என்பது என் கருத்து. பிரியஸ் காருக்கும் போடப்பட்ட மிச்செலின் பிரைமசி எச்பி டயரைத் தெரிந்தே கொடுத்து, வளைவில் வால் சறுக்கும்படி விட்ட வண்டி இது. அந்த இயல்பைப் பசைபோல ஒட்டும் அகல டயரால் முழுவதுமாக அடக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கிள்ளான்டயர்க்கடை எழுதியது:

அளவுகளை மேலே உள்ள நண்பர் சரியாகச் சொல்லிவிட்டார். கடையில் அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் மாட்டும் பக்கத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்த வண்டி டொயோட்டா என்ற பெயரில் வந்தாலும் அதன் ஹப் சுபாருவுடையது. நடுத்துளை 56.1 மி.மீ. டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கும் பிசிடி 5×100தான், ஆனால் அதன் ரிம்மில் நடுத்துளை 54.1 மி.மீ. ஐந்து போல்ட்டும் நேராக நுழைவதுபோல் தெரியும், ரிம் மட்டும் ஹப்பில் உட்காராது. அந்த நிலையில் நட்டை இறுக்கி ரிம்மை உள்ளே இழுக்க முயல்வது ஆபத்து. நட்டும் டொயோட்டாவுக்கு வழக்கமான எம்12×1.5 இல்லை, இதற்கு எம்12×1.25. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் ஐந்தாறு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நேரே காற்றுத் துப்பாக்கியை வைத்தால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) மரை போய்விடும்.

வெளிச்சந்தை ரிம்களில் நடுத்துளை பெரும்பாலும் 73 மி.மீ. அளவில் இருக்கும். 73.1இலிருந்து 56.1க்கு இறக்கும் ஹப் ரிங் தனியாகக் கிடைக்கும், விலையும் குறைவு, கட்டாயம் போடுங்கள். பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கம்தான். ரிங்கின் வேலை ரிம்மைச் சரியாக நடுவில் நிறுத்துவது. அது இல்லாமல் மாட்டிவிட்டு, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று பாலன்ஸிங் செய்யத் திரும்பத் திரும்ப வருபவர்கள் உண்டு. ரிங்கை மாட்டும்முன் ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் போல ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

பழைய ஃபோர்ஜ்டு ரிம் வாங்குவதாக இருந்தால், வாங்கும்முன் டயர் இல்லாமல் பாலன்ஸிங் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளி உதட்டைவிட உள் உதட்டில்தான் நெளிவு இருக்கும், கடைக்காரர் அந்தப் பக்கத்தைச் சுவரோடு சாய்த்துத்தான் வைத்திருப்பார். ஸ்போக்கின் அடிப்பகுதியிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய ரிம் என்றால் எனக்கு எப்போதும் ஐயம்தான். ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகல் ரிம்களிலும் முத்திரையை அச்சடித்துவிடுகிறார்கள் என்பதால், தயாரிப்பாளர் பெயரும் தயாரிப்பு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும்.

செப்பாங்ஞாயிறு எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். 18×9.5 என்றாலே பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. பல வண்டிகள் அப்படி ஓடுகின்றன. ஆனால் அதற்கு முன்சக்கரத்தில் இரண்டரை டிகிரிக்குக் குறையாமல் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்த நிலை, வேண்டும். காருடன் வந்த அமைப்பில் முன்பக்கக் கேம்பர் கிட்டத்தட்டச் சுழியம். வண்டியைத் தாழ்த்தும்போது பின்சக்கரம் தானாகவே உள்ளே சாய்ந்துகொள்ளும், முன்சக்கரம் அந்த அளவுக்குச் சாயாது. அதனால் ஒரே அளவு ரிம்மை நான்கு பக்கமும் போட்டால் பின்பக்கம் அழகாக அடங்கி, முன்பக்கம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஓடுதளத்தில் வேகம்தான் நோக்கம் என்றால் நான் 18க்குப் போகவே மாட்டேன். 17×9, ஆஃப்செட் 42 முதல் 45 வரை, 245/40 ஆர்17. விட்டம் 628, பழைய டயரோடு 3 மி.மீ.கூட வேறுபாடு இல்லை. ரிம்மும் இலகு, டயரும் விலை குறைவு, பள்ளத்தைத் தாங்கும் பக்கச்சுவரும் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் முன்பக்கம் கேம்பர் வேண்டியிருக்கும். கேம்பரில் கை வைக்க விருப்பமில்லை என்றால் 17×8தான் உங்களுக்கு.

ஈப்போவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அடாப்டர் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். கேம்பர் போல்ட் போட்டாலே ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும், கேம்பர் பிளேட்டுக்குச் செலவு செய்யத் தேவையில்லை என்று இங்குள்ள பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்து 18×9.5 ரிம்மை உள்ளே அடக்க முடியாதா?

பாக்ஸர்பிரியன் எழுதியது:

அகல ரிம் போடுகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடமே இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டும் கேம்பரைத் தருகின்றன, ஆனால் சாய்க்கும் இடம் வேறு. கேம்பர் போல்ட் என்பது ஸ்டிரட்டின் கீழ்முனையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் போடுவது. அதைத் திருப்பும்போது ஸ்டிரட் இருந்த இடத்திலேயே நிற்க, சக்கரம் மட்டும் அதை நோக்கிச் சாய்கிறது. வெளியே இடம் கிடைத்த அளவுக்கு உள்ளே இடம் குறைகிறது. இந்த அளவு டயரில் ஒரு டிகிரிக்கு டயரின் மேற்பகுதி ஏறத்தாழ 5 முதல் 6 மி.மீ. வரை உள்ளே வரும். ஒன்றரை டிகிரி என்றால் 8 மி.மீ. உங்கள் 9.5 அங்குல ரிம்மோ ஏற்கெனவே 22 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. அந்த 8 மி.மீ. எங்கிருந்து வரும்?

கேம்பர் பிளேட் ஸ்டிரட்டின் மேல்முனையில், போனட்டுக்கு அடியில் இருப்பது. அதில் நகர்த்தும்போது ஸ்டிரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாய்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள சந்து மாறுவதே இல்லை. அகல ரிம் போடுபவர்களுக்குப் பிளேட்தான் சரி என்பதற்குக் காரணம் இதுவே. போல்ட்டால் உரசும் நிலை வந்து, அதைத் தீர்க்க 5 மி.மீ. ஸ்பேசர் போட்டு, அதனால் சக்கரம் மறுபடி வெளியே வந்து, திரும்பவும் கேம்பரைத் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பேசர் போட்டால் நட்டு ஸ்டட்டில் எத்தனை சுற்று ஏறுகிறது என்பதையும் எண்ண வேண்டும்; ஒன்பது, பத்துச் சுற்றுக்குக் குறைந்தால் அந்த ஸ்டட்டை நம்பிச் செப்பாங் போகாதீர்கள்.

செப்பாங்ஞாயிறு எழுதியது:

மேலே சொன்னது முற்றிலும் சரி. பிளேட் போடுவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரப்பர் மவுன்ட்டுக்குப் பதில் உலோகப் பேரிங் வருவதால், மோசமான சாலையில் முன்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கும். இரண்டரை டிகிரியில் தினமும் நெடுஞ்சாலையில் ஓடினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும், டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நோக்கும் திசை) சரியாக இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம்.

ஈப்போவாசி எழுதியது:

புரிந்தது. 17×8, ஆஃப்செட் 45 என்று முடிவு செய்துவிட்டேன், டயர் 235/40 ஆர்17. விளிம்போடு முழுச் சமமாக நிற்காது என்பது தெரிகிறது, பரவாயில்லை. மாட்டும் நாளில் நான் பார்க்க வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?

கிள்ளான்டயர்க்கடை எழுதியது:

நல்ல முடிவு. நான்கையும் வாங்கும்முன் ஒரே ஒரு ரிம்மை டயர் இல்லாமல் முன்பக்கம் மாட்டிக் கையால் சுழற்றி, ஸ்போக்கின் உட்புறம் பிரேக் காலிப்பரைத் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். குறைந்தது 3 மி.மீ. இடைவெளியாவது தெரிய வேண்டும். டயர் போட்டு மாட்டிய பிறகு, ஸ்டிரட்டில் டயருக்கு மிக நெருக்கமான இடத்திலும் மட்கார்டின் உள்மடிப்பிலும் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணைத் தடிப்பாக ஒட்டிவிடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி வேகத்தடைகளில் ஏறி இறங்கி, வண்டியில் ஆள் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வாருங்கள். களிமண்ணில் டயரின் தடம் பதியாமல் இருந்தால் அலைன்மென்ட்டுக்கு விடலாம். பதிந்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதைப் படத்தோடு இங்கே போடுங்கள். புதிய டயரின் சுமைக் குறியீடு 87க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் ரசீது போடும்முன் பார்த்துவிடுங்கள்.